பழைய கணினியை எறிவதற்கு முன்: தேதி, வேகம், பாமினி எழுத்துருவில் எழுதிய கோப்புகள்

நங்கநல்லூர் வாசகர் ஒருவரின் கேள்வி, 26 அக்டோபர் 2025

எங்கள் வீட்டுக் கணினி 2012இல் வாங்கியது. இரண்டாம் தலைமுறை ஐ3, எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. காலையில் போட்டால் தேதி 2011 ஜனவரி 1 என்று காட்டுகிறது, வங்கித் தளம் திறப்பதில்லை. திரை வந்த பிறகும் வெகுநேரம் எதையும் சொடுக்க முடிவதில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவும் முடிந்துவிட்டது. பழுது பார்ப்பவர், வயதாகிவிட்டது, எறிந்துவிடுங்கள் என்கிறார். புது மடிக்கணினியும் வாங்கிவிட்டோம். ஆனால் அப்பா இருபது ஆண்டுகளுக்கு முன் தமிழில் தட்டச்சு செய்து வைத்த குடும்ப வரலாறு, புதியதில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது. பழையதில் மட்டுமே படிக்க முடிகிறது. வைத்துக்கொள்வதா, எறிவதா?

27 அக்டோபர் 2025

"வயதாகிவிட்டது" என்பதை ஒரு காரணமாக நான் ஏற்பதில்லை. உங்கள் கேள்வியில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு கோளாறுகள் இருக்கின்றன: தேதி பின்னோக்கிப் போவது, மெதுவாக இயங்குவது, இயங்குதளத்தின் ஆதரவு முடிந்தது, பழைய தமிழ்க் கோப்புகள் வேறு கணினியில் படிக்க வராதது. நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டினால்தான் எறிவது தீர்வாகத் தோன்றும். பிரித்துப் பார்த்தால், முதலாவது நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். நான்காவதோ எத்தனை புதுக் கணினி வாங்கினாலும் தீராது.

தேதியிலிருந்து தொடங்குவோம். கணினி அணைந்திருக்கும்போதும் நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கும் கடிகாரம் ஒன்று மதர்போர்டில் இருக்கிறது. நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகம் ஒன்று அதை நடத்துகிறது. மின்சாரம் இல்லாத வேளையில் அதைக் காப்பாற்றுவது சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி. சுவர் சுவிட்ச் போட்டிருக்கும் வரை, கணினி அணைந்திருந்தாலும் எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்வழங்கி தரும் சிறிதளவு மின்சாரமே கடிகாரத்துக்குப் போதும். சென்னையில் இடி மின்னலுக்கும் மின்னழுத்த ஏற்ற இறக்கத்துக்கும் அஞ்சி இரவில் சுவர் சுவிட்சையும் அணைத்துவிடும் வீடுகள் ஏராளம். அந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் அந்த நேரமெல்லாம் கடிகாரம் பேட்டரியில் மட்டுமே ஓடுகிறது என்பதையும், அதனால் பேட்டரி சீக்கிரம் தீரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பேட்டரி தீர்ந்ததும் கடிகாரம், கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளில் பதிந்திருக்கும் தொடக்கத் தேதிக்குப் போய்விடுகிறது. வங்கித் தளம் திறக்காததற்கும் இதுவே காரணம். ஒவ்வொரு பாதுகாப்பான தளத்தின் சான்றிதழிலும் இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும் என்று எழுதியிருக்கும். கணினி தன்னை 2011இல் இருப்பதாக எண்ணிக்கொண்டால், 2025இல் வழங்கப்பட்ட சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கு வராத ஒன்றாகத் தெரிகிறது, உலாவி மறுத்துவிடுகிறது. இணைய இணைப்பு இருக்கும்போது நேரம் தானாகவே சரியாகிவிட வேண்டாமா என்று கேட்கலாம். வீட்டுக் கணினியில் விண்டோஸின் நேரச் சேவை, வேறுபாடு 54,000 நொடிக்கு, அதாவது 15 மணி நேரத்துக்கு, மேல் போனால் திருத்தாமல் விட்டுவிடும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. பதினான்கு ஆண்டு வேறுபாட்டை அது தொடவே தொடாது.

28 அக்டோபர் 2025

நேற்று எழுதியதைப் படித்துவிட்டுத் திருப்புளியை எடுப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அப்பாவின் கோப்புகள் அனைத்தையும், அவை எழுதப்பட்ட எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்து, இரண்டு தனித்தனி இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். ஒன்று பென் டிரைவ் என்றால் இன்னொன்று பென் டிரைவாக இருக்க வேண்டாம். எழுத்துருக்கள் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் என்ற கோப்புறையில் கிடைக்கும். கோப்புகளை மட்டும் நகலெடுத்து இதை விட்டுவிடுபவர்களே அதிகம்.

பிறகு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசச் செயலியால் ஹார்ட் டிஸ்கின் நிலையைப் பாருங்கள். நீண்ட பட்டியல் வரும். அதில் இரண்டு வரிகள் போதும்: மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை, படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கை. இரண்டும் சுழியம் என்றால் பதற்றமின்றி வேலை பார்க்கலாம். இரண்டாவது எண் சுழியத்துக்கு மேல் இருந்தால், மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு நகலெடுப்பதை மட்டும் செய்யுங்கள்.

29 அக்டோபர் 2025

பெரம்பூரிலிருந்து ஒருவர் பேட்டரி மாற்றுவது பற்றி எழுதியிருப்பதை எல்லாரும் படிக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றியதும் பயாஸ் அமைப்புகள் பழைய இயல்நிலைக்குத் திரும்பின. அவருடைய கணினியில் டிஸ்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டாவின் இயக்க முறை ஏ.எச்.சி.ஐ.யிலிருந்து ஐ.டி.இ.க்கு மாறியது, விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிட்டது. டிஸ்க் போய்விட்டது என்று சொல்லிப் புது டிஸ்க் விற்கப் பார்த்தாராம் ஒருவர். பயாஸில் அந்த ஒரு வரியைத் திரும்ப மாற்றியதும் எல்லாம் முன்போல் வந்துவிட்டது.

ஆகவே பேட்டரியில் கை வைக்கும் முன் பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகே கழற்றுங்கள். எழுத்துப் பொறித்த பக்கம் மேலே இருக்க வேண்டும்.

2 நவம்பர் 2025

நங்கநல்லூர் நண்பர் பேட்டரி மாற்றிவிட்டார். தேதி நிற்கிறது, வங்கித் தளம் திறக்கிறது. டிஸ்கின் இரு எண்களும் சுழியமே. ஆனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டுகிறது, புது பேட்டரியும் பழுதா என்று கேட்கிறார்.

பேட்டரியில் பழுது இல்லை. இடையில் பென் டிரைவிலிருந்து, விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளமாகிய லினக்ஸ் எதையாவது இயக்கிப் பார்த்தீர்களா?

3 நவம்பர் 2025

பார்த்திருக்கிறார், மின்ட் என்ற லினக்ஸ் வகையை. விளக்கம் இதுதான். மதர்போர்டுக் கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருப்பதாக விண்டோஸ் கொள்கிறது. லினக்ஸ் அதே கடிகாரத்தில் உலகப் பொது நேரம் இருப்பதாகக் கொள்கிறது. பென் டிரைவிலிருந்து இயங்கும் லினக்ஸும் இணையத்திலிருந்து சரியான நேரத்தைப் பெற்றுவிட்டால், அதன் மையப் பகுதியான கருநிரல் 11 நிமிடத்துக்கு ஒரு முறை அந்த நேரத்தை மதர்போர்டுக் கடிகாரத்தில் எழுதிவிடும், அதுவும் பொது நேரமாக. மறுபடி விண்டோஸ் வந்து அதை இந்திய நேரமாகப் படித்தால் 5:30 மணி குறைகிறது.

எனவே கடிகாரக் கோளாறை இனம் காணும் வழி எளிது. பல ஆண்டுகள் பின்னால் போனால் பேட்டரி. துல்லியமாக ஐந்தரை மணி நேரம் தவறினால் இரண்டு இயங்குதளங்களுக்கு இடையேயான கருத்து வேறுபாடு. 27ஆம் தேதி சொன்ன 15 மணி நேர வரம்புக்குள் இது அடங்குவதால் விண்டோஸ் தானே ஒரு நாள் திருத்திக்கொள்ளும். காத்திருக்க வேண்டாம் என்றால் தேதி அமைப்புப் பக்கத்தில் உடனே ஒத்திசைக்கும் பொத்தானை அழுத்தலாம். இரண்டையும் நிரந்தரமாக வைத்துக்கொள்பவர்கள், கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கும்படி லினக்ஸிடம் சொல்லிவிடுவதே மேல். ஆண்டுக்கு இரு முறை கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் அந்த ஏற்பாடு தொல்லை தரும். நம் ஊரில் அந்தக் கவலை இல்லை.

5 நவம்பர் 2025

தாம்பரம் வாசகருக்கு: விண்டோஸ் 7இல் தேதி சரியாக இருந்தும் பல தளங்கள் சான்றிதழ்ப் பிழை காட்டினால், காரணம் வேறு. இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த, தளங்களின் சான்றிதழ்களுக்கு ஆதாரமான ஒரு மூலச் சான்றிதழ் 30 செப்டம்பர் 2021 அன்று காலாவதியானது. புதுப்பிக்கப்படாத பழைய கணினிகளில் அதற்கு மாற்றான மூலச் சான்றிதழ் இல்லை. ஃபயர்ஃபாக்ஸ் தனக்கெனச் சான்றிதழ்ப் பட்டியல் வைத்திருப்பதால் அதில் அந்தத் தளங்கள் திறப்பதைப் பார்ப்பீர்கள். குரோம் விண்டோஸ் 7க்கு 109ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அந்தக் கணினியில் பணப் பரிமாற்றம் எதுவும் செய்யாதீர்கள் என்பதை வற்புறுத்தியே சொல்கிறேன்.

8 நவம்பர் 2025

இனி வேகம். இந்தக் கணினியின் செயலி இன்றைக்கும் கடிதம் எழுதவும், வங்கித் தளம் பார்க்கவும், காணொளி ஓட்டவும் போதுமானது. அதைத் தடுத்து நிறுத்துவது ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி எடுத்துக்கொள்கிறது. தேவையான இடம் ஊசியின் கீழே வருவதற்குச் சராசரியாக அதில் பாதி; ஊசி தடம் மாறுவதற்கு அதற்கு மேலும் ஆகும். ஆக, அங்கும் இங்கும் சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளை நொடிக்கு நூறு முறைகூடப் படிக்க இயலாது. விண்டோஸ் 10 தொடங்கும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கான சிறு துண்டுகள். ஹார்ட் டிஸ்குக்கு மாற்றாகச் சில்லுகளில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டு இல்லை. ஒரு துண்டை எடுக்க ஆகும் நேரம் பத்தில் ஒரு மில்லி நொடி அளவுதான்.

எச்61 பலகையில் சாட்டா இரண்டாம் தலைமுறை மட்டுமே உண்டு, நொடிக்கு ஏறத்தாழ 300 மெகாபைட்டுக்கு மேல் போகாது. கடைக்காரர் அதைக் காட்டி, உங்கள் கணினிக்கு எஸ்.எஸ்.டி. வீண் என்று சொல்லக்கூடும். அந்த வரம்பு ஒரு பெரிய கோப்பை நீளமாகப் படிக்கும்போதுதான் தடையாகிறது. உங்கள் தொல்லை சிறு துண்டுகளைத் தேடுவது. அதில் இந்தப் பழைய இணைப்பு குறுக்கே நிற்பதில்லை. இருப்பதிலேயே விலை குறைந்த, பெயர் தெரிந்த 2.5 அங்குல எஸ்.எஸ்.டி. போதும். பழைய ஹார்ட் டிஸ்கை அழிக்காமல் கழற்றி, உறையிட்டு வைத்துவிடுங்கள்.

9 நவம்பர் 2025

முதலில் ரேமா, எஸ்.எஸ்.டி.யா என்று மூவர் கேட்டுவிட்டார்கள். எஸ்.எஸ்.டி.தான் என்று உடனே எழுத வந்தேன். யோசித்தபின் ஒரு நிபந்தனை சேர்க்கிறேன். 4 ஜிபி ரேமில் உலாவியின் சில தாவல்களைத் திறந்ததுமே விண்டோஸ் டிஸ்கை ரேமின் நீட்சியாகப் பயன்படுத்தத் தொடங்கிவிடுகிறது. அந்த நிலையில் எஸ்.எஸ்.டி. வலியைக் குறைக்கும், நீக்காது. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் எஸ்.எஸ்.டி. இரண்டுக்கும் முடிந்தால் 8 ஜிபியும்.

வாங்கும் முன் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு போட்டாலும் அது பயன்படுத்தாது, பெரும்பாலும் 3.2 ஜிபி அளவே கணக்கில் காட்டும்.

டி.டி.ஆர். 3 ரேம் இப்போது புதிதாக எளிதில் கிடைப்பதில்லை. அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில், நரசிங்கபுரம் பக்கத்துச் சிறு கடைகளில், கழற்றி எடுத்த ரேம் கிடைக்கும். பழைய ரேமைக் கையோடு கொண்டு போய்க் காட்டி வாங்குங்கள், மாற்றித் தருவதாகப் பில்லில் எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் செயலியை இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பழுதான ரேம் கணினியை நிறுத்துவதோடு போகாது. சேமிக்கும் கோப்புகளையும் ஓசையின்றிக் கெடுக்கும்.

15 நவம்பர் 2025

மழைக்காலம் தொடங்கியதும் வழக்கமாக வரும் கேள்வி வந்துவிட்டது: சுவிட்சைப் போட்டால் தொடர்ச்சியாக பீப் ஒலி, திரையில் ஒன்றுமில்லை. திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளிலிருந்து இது அதிகம் வருகிறது. உப்புக் காற்றும் ஈரமும் ரேமின் தொடுமுனைகளில் படிந்துவிடுகின்றன. ரேமைக் கழற்றித் திரும்பப் பொருத்தினாலே பலமுறை சரியாகிவிடும்.

பென்சில் அழிப்பானால் தேய்ப்பது நம் ஊர் வழக்கம். அதைத் தவறு என்று ஒதுக்கமாட்டேன். மென்மையான வெள்ளை அழிப்பானால் ஒரு முறை, அழுத்தாமல், துகள்களை முழுக்கத் துடைத்துவிட்டு என்றால் சரி. ஆனால் தொடுமுனையின் தங்கப் பூச்சு மிக மெல்லியது, தேய்க்கத் தேய்க்கக் குறையும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுத் துணியால் துடைப்பதையே நான் செய்கிறேன்.

பெட்டியைத் திறந்த கையோடு செயலியின் விசிறியையும் பாருங்கள். தூசியை ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், காற்று வேகத்தில் அளவுக்கு மீறிச் சுற்றவிடக் கூடாது. பத்தாண்டு ஆன வெப்பப் பசை காய்ந்து பொடியாகியிருக்கும். இப்போது மாற்றிவிட்டால் கத்திரி வெயிலில், அறையே 38 பாகையில் இருக்கும்போது, செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் நிலை வராது.

16 நவம்பர் 2025

ஆதரவு முடிந்த விண்டோஸ் 10 பற்றி. ஆதரவு 14 அக்டோபர் 2025 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பது டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல்லில் எட்டாம் தலைமுறை முதலான செயலியும். இரண்டாம் தலைமுறைக்கு அந்த வழி அடைபட்டது. தடையைச் சுற்றிக்கொண்டு நிறுவும் முறைகள் உலவுகின்றன. அப்படி நிறுவிய கணினிக்குப் புதுப்பிப்புகள் வரும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் தரவில்லை, ஆகவே வங்கி வேலைக்குப் பயன்படும் வீட்டுக் கணினியில் அதைச் செய்ய நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

பதற வேண்டியதும் இல்லை. நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் வீட்டுக் கணினிகள் 13 அக்டோபர் 2026 வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறலாம். விண்டோஸ் 10 22எச்2 பதிப்பாக இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். அமைப்புகளை அந்தக் கணக்கில் ஒத்திசைக்க ஒப்புக்கொண்டால் கட்டணம் இல்லை. இல்லையெனில் 30 டாலர். புதுப்பிப்புப் பக்கத்திலேயே பதிவு செய்துகொள்ளலாம்.

அந்தக் கால அவகாசத்தில் மின்ட் 22ஐ எஸ்.எஸ்.டி.யின் ஒரு பகுதியில் நிறுவிப் பழகிப் பாருங்கள். அதற்கு 2029 வரை ஆதரவு உண்டு. முதலில் உங்கள் பிரிண்டர் அதில் வேலை செய்கிறதா என்று பென் டிரைவிலிருந்தே சோதித்துவிடுங்கள். விண்டோஸுக்கு மட்டுமே டிரைவர் எழுதப்பட்ட சிறிய லேசர் பிரிண்டர்கள் நம் வீடுகளில் நிறைய இருக்கின்றன.

இன்னொன்று. விண்டோஸ் 8 முதல், அணைப்பது என்பது முழுமையான அணைப்பு இல்லை. விரைவுத் தொடக்கம் என்ற வசதி, இயங்குதளத்தின் உட்பகுதியை டிஸ்கில் எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் அதையே எடுத்துப் பயன்படுத்துகிறது. தினமும் அணைத்துப் போட்டும் சிறு கோளாறு போகவில்லை, மறுதொடக்கம் செய்தால் மட்டும் போகிறது என்று பலர் எழுதுவதற்குக் காரணம் இதுவே. லினக்ஸிலிருந்து விண்டோஸ் பகுதியைத் திறந்தால் படிக்க மட்டுமே விடுவதற்கும் இதுதான் காரணம். எஸ்.எஸ்.டி. போட்டபின் இந்த வசதியால் கிடைக்கும் லாபம் மிகக் குறைவு. மின் அமைப்புகளில், பொத்தான்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தில், நீக்கிவிடலாம்.

23 நவம்பர் 2025

எஸ்.எஸ்.டி.யும் ரேமும் போட்டாகிவிட்டது, கணினி ஓடுகிறது என்கிறார் நண்பர். ஆகவே அப்பாவின் கோப்புகளுக்கு வருகிறேன். இந்த இழையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்.

அவர் எழுதியது பாமினி எழுத்துருவில். அந்தக் கோப்பில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. சேமிக்கப்பட்டிருப்பவை ஆங்கில எழுத்துகளின் எண்கள். பாமினி எழுத்துரு அந்த எண்களின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டியது. எழுத்துரு இல்லாத கணினி, உள்ளே இருப்பதை இருந்தபடியே ஆங்கிலமாகக் காட்டுகிறது. சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற குறியேற்றங்கள், அதாவது எழுத்துகளுக்கு எண் தரும் முறைகள், வரையறுக்கப்பட்டன. அதே காலத்தில் திஸ்கி என்ற குறியேற்றமும் பரவியது. ஆனால் அச்சகங்களிலும் வீடுகளிலும் பாமினி போன்றவை தொடர்ந்து ஓடின. எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியேற்றமாகிய ஒருங்குறி (யூனிகோடு) பரவலான பிறகுதான் எழுத்துருவைச் சாராமல் தமிழ் தமிழாகவே சேமிக்கப்பட்டது.

புதுக் கணினியில் பாமினி எழுத்துருவை நிறுவினாலே கோப்பு படிக்க வந்துவிடும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தக் கோப்பில் பாட்டியின் பெயரைத் தேட முடியாது, கைப்பேசியில் அனுப்ப முடியாது. எழுத்துருக் கோப்பு தொலைந்த நாளில் வரலாறும் படிக்க முடியாததாகிவிடும். ஒருங்குறிக்கு மாற்றியே ஆக வேண்டும்.

மாற்றி தரும் இலவசச் செயலிகள் பல உண்டு, என்.எச்.எம். கன்வெர்ட்டர் அவற்றில் நன்கு அறியப்பட்டது. சிக்கல் கலப்புக் கோப்புகளில் வருகிறது. குடும்ப வரலாற்றில் முகவரி, மின்னஞ்சல், படித்த கல்லூரியின் பெயர் ஆகியவை ஆங்கிலத்தில் இருக்கும். முழுப் பக்கத்தையும் மாற்றியில் ஒட்டினால், உண்மையான ஆங்கிலமும் பாமினியாகக் கருதப்பட்டுப் பொருளற்ற தமிழாகிவிடும். லிப்ரே ஆஃபிஸ் ரைட்டரின் தேடல் பெட்டியில் எழுத்துருவை அளவுகோலாகக் கொடுத்துத் தேடலாம். பாமினியில் உள்ள பகுதிகளை மட்டும் அப்படித் தேர்ந்தெடுத்து, வேறு நிறம் கொடுத்துவிட்டு, நிறமுள்ள பகுதிகளை மட்டும் மாற்றுங்கள். பொறுமை வேண்டும். மூலக் கோப்பின் மேலேயே எழுதாமல் புதுப் பெயரில் சேமியுங்கள்.

30 நவம்பர் 2025

மாற்றிய கோப்பில் "வெளியூர்" என்று தேடினால் கிடைக்கவில்லை, கண்ணுக்கு மட்டும் தெரிகிறது என்கிறார். நெருக்கிப் பாருங்கள்: அங்கே இருப்பது "வௌியூர்".

பாமினியில் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே வடிவம், ஒரே எண். ஆகவே ஒற்றைக்கொம்பும் வகரமும் ளகரமும் அடுத்தடுத்து வந்தால், அது "வௌ" என்பதா "வெள" என்பதா என்று கோப்பிலிருந்து தெரிந்துகொள்ள வழியில்லை. மாற்றி "வௌ" என்று முடிவு செய்துவிடுகிறது. பழைய இதழ்களிலிருந்து மாற்றிய இணையப் பக்கங்களில் "வௌியீடு" என்று இன்றும் காணப்படுவது இதனால்தான்.

திருத்துவதற்கு உறுதியான விதி ஒன்று இருக்கிறது. ஒரு மெய் இரண்டு உயிர்க்குறிகளை ஏற்காது. எனவே ஔகாரக் குறிக்கு அடுத்து இகரக் குறியோ, புள்ளியோ, வேறு எந்தக் குறியோ வந்தால் அது ஐயமின்றிப் பிழை. எகரக் குறியும் ளகரமுமாகப் பிரித்துவிடலாம். "வெளி", "வெள்ளம்", "தெளிவு", "வெள்ளை" என எதுவாயினும் இந்த வலையில் சிக்கும். அடுத்து எந்தக் குறியும் இல்லையென்றால் "மௌனம்", "கௌரி", "பௌர்ணமி" போன்றவை. அவற்றைத் தொட வேண்டாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. நேரடியாக ஒருங்குறியில் தட்டச்சு செய்பவர்களே "கௌரி" என்பதைக் கொம்பு, ளகரம் என்று தனித்தனியே இட்டு "கெளரி" என்று எழுதிவிடுகிறார்கள். திரையில் ஒன்றுபோல் இருக்கும், தேடலில் வராது. அத்தையின் பெயர் கௌரி என்றால் இரண்டு விதமாகவும் தேடிப் பாருங்கள்.

7 டிசம்பர் 2025

அப்பா தாம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து எழுத விரும்புகிறாராம், பாமினி விசைப்பழக்கம் கையில் ஊறிவிட்டதால் தயங்குகிறாராம். அவரைத் தமிழ்99 விசைப்பலகைக்கு மாறும்படி வற்புறுத்த வேண்டாம். ஒருங்குறியில் எழுதிக்கொண்டே பாமினி விசைகளைப் பயன்படுத்தும் வசதி என்.எச்.எம். ரைட்டரில் இருக்கிறது, விரல்கள் பழையபடியே போகட்டும், கோப்பில் சேர்வது ஒருங்குறியாக இருந்தால் போதும்.

நீங்கள் புதிதாகக் கற்பதாக இருந்தால் தமிழ்99. உயிர்கள் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலும் அமைந்திருப்பதாலும், ககரத்தை இரு முறை தட்டினால் முதலாவது தானே புள்ளி பெறுவதாலும், நீண்ட பக்கங்களை எழுதுவோருக்கு விரல் நோவு குறைகிறது. விண்டோஸ் 10இன் பிந்தைய பதிப்புகளில் தமிழ் மொழியைச் சேர்த்தாலே அந்த விசைப்பலகை கிடைக்கும். மின்ட்டில் ஐபஸ் என்ற தட்டச்சு வசதி வழியாக எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பைச் சேர்க்க வேண்டும்.

அவர் எழுதும் கோப்புறையை வாரம் ஒரு முறை, கழற்றி வைத்த பழைய ஹார்ட் டிஸ்கை இணைத்து அதிலும் நகலெடுத்து வையுங்கள். அதற்கான, டிஸ்கை வெளியிலிருந்து இணைக்கும் பெட்டியாகிய யு.எஸ்.பி. உறையையும் ரிச்சி தெருவிலேயே வாங்கிவிடலாம். 3.5 அங்குல டிஸ்குக்கு 12 வோல்ட் அடாப்டர் சேர்ந்த உறையாகப் பார்த்து வாங்குங்கள். மடிக்கணினி டிஸ்குக்கான சிறிய உறையில் அது பொருந்தாது, ஓடவும் ஓடாது.